பெண் குரல் விற்காது என்ற பொய்

2015 மே மாதம், அமெரிக்கக் கன்ட்ரி இசை வானொலித் தொழிலுக்கென்றே வெளிவரும் 'கன்ட்ரி ஏர்செக்' இதழில் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர் ஒரு யோசனை சொன்னார். ரேட்டிங் கூட வேண்டுமா, பெண்கள் பாடிய பாட்டுகளை எடுத்துவிடுங்கள் என்றார். அதற்கு ஒரு உவமையும் கொடுத்தார். கன்ட்ரி வானொலி ஒரு சாலட் என்றால் அதில் லெட்டூஸ் கீரையாக இருப்பவர்கள் லூக் பிரையன், பிளேக் ஷெல்டன், கீத் அர்பன் போன்ற ஆண்கள். பெண்கள் அதில் போடும் தக்காளி.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. மார்டினா மெக்பிரைட் உள்ளிட்ட பாடகிகள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். அப்போதும் இப்போதும் ஹில்லுக்கு முட்டுக்கொடுப்பவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: உவமை மோசம், ஒத்துக்கொள்கிறோம்; ஆனால் கணக்கு சரி, சந்தை அப்படித்தான் இருக்கிறது. எனக்கு உவமையைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. வாய் தவறி வந்தது என்று விட்டுவிடலாம். கணக்கைத்தான் விட முடியாது. அந்தக் கணக்கு பொய். தெரிந்தே சொன்ன பொய் என்று சொல்லமாட்டேன். அந்தத் தொழில் எழுபது வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்ட பொய்.

ஹில் என்ன சொன்னார் என்பதை முதலில் முழுசாக வைத்துவிடுகிறேன். கன்ட்ரி வானொலி கேட்கப்படும் நேரத்தில் 70 முதல் 75 சதவீதம் பெண்களுடையது. அந்தப் பெண்களுக்கு ஆண் பாடகர்களைத்தான் பிடிக்கிறது. பல வருஷமாக நடத்திய பாடல் சோதனைகளும், 300க்கும் மேற்பட்ட வாடிக்கை நிலையங்களில் பெற்ற அனுபவமும் இதற்கு ஆதாரம். கடைசியாக, தன் முன்னால் சுமார் 40 நிலையங்களின் பாடல் தரவுத்தளங்கள் இருப்பதாகவும், அவற்றில் பெண்களுக்கு அதிகபட்ச இடம் கொடுத்திருப்பதில்கூட அவர்கள் பங்கு 19 சதவீதம்தான் என்றும் சொன்னார்.

இந்தக் கடைசி ஆதாரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த 40 தரவுத்தளங்களை யார் நிரப்பியது? நேயர்கள் இல்லை. ஹில்லைப் போன்ற ஆலோசகர்களின் பேச்சைக் கேட்டு நடக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள். அவர்கள் 19 சதவீதத்துக்கு மேல் வைக்கவில்லை. வைக்காததையே காட்டி, பார்த்தீர்களா, 19 சதவீதம்தான் இருக்கிறது, அதற்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார். கேள்வித்தாளையும் தானே எழுதி, விடையையும் தானே எழுதி, மதிப்பெண்ணும் தானே போட்டுக்கொள்ளும் பரீட்சை இது. இதில் நேயர் எங்கே வந்தார்?

ஹில்லின் மேசையில் இல்லாத ஒரு கணக்கு 1952இல் கிடக்கிறது.

அந்த வருஷம் டெக்சஸ்காரரான ஹாங்க் தாம்சன் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்ற பாட்டைப் பாடினார். தான் நேசித்தவள் தன்னை விட்டுவிட்டு மதுக்கூடங்களின் வெளிச்சத்துக்குப் போய்விட்டாள் என்று ஒருவன் புலம்புகிறான். அவளை அப்படிப் படைத்தது கடவுள்தான் என்று பழியை மேலே தூக்கிப் போடுகிறான். பாட்டு 15 வாரம் பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. மெட்டு புதிதல்ல. 1936இல் ராய் அகஃப் 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' என்று பாடி நாடெங்கும் புகழ் பெற்ற அதே மெட்டு. அதற்கும் முன்னால், 1929இல் கார்ட்டர் குடும்பத்தார் இசைத்தட்டில் பதிவு செய்த ஒரு காதல் பாட்டின் மெட்டு.

கார்ட்டர் குடும்பம் என்றால் யார்? ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சேரா, சேராவின் சித்தி பெரியம்மா வழித் தங்கை மேபெல். மூன்று பேரில் இரண்டு பேர் பெண்கள். முன்னால் நின்று பாடும் குரல் சேராவுடையது. பிற்பாடு வந்த அத்தனை கன்ட்ரி கித்தார் கலைஞர்களுக்கும் பாடமாக அமைந்த கித்தார் கை மேபெலுடையது. 1927 ஆகஸ்டில் டென்னஸி எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில் நடந்த ஒலிப்பதிவில்தான் வணிகக் கன்ட்ரி இசை பிறந்தது என்று அதன் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பிரசவ அறையில் பெண்கள் இருந்தார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டல்ல, பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும். இந்த இசையின் அடிவேரே அவர்கள்தான் என்று சொல்ல வேண்டிய இடத்தில், மேலே தூவும் துண்டு என்று ஒருவர் சொல்கிறார் என்றால், தான் சோறு தின்னும் தொழிலின் முதல் பக்கத்தைக்கூட அவர் மதிக்கவில்லை.

தாம்சனின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எழுதியவர் லூசியானா மாநிலம் கிரௌலி ஊரைச் சேர்ந்த ஜே. டி. மில்லர். 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்க்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்பது தலைப்பு. மெட்டு அதேதான். ஒரு பெண் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜூக்பாக்ஸில் அந்த ஆண் புலம்புகிற பாட்டு ஓடுகிறது. கேட்டுவிட்டு அவள் பதில் சொல்கிறாள்: கடவுள் மேல் ஏன் பழி போடுகிறாய்? கல்யாணமானதை மறைத்து, தனிக்கட்டை போலத் திரிந்த ஆண்கள் எத்தனை பேர்? நல்ல பெண்கள் கெட்டுப்போனதாகச் சொல்கிறாயே, ஒவ்வொருத்தியின் கதையிலும் முதலில் ஒரு ஆண் இல்லையா? நம் ஊர் எசப்பாட்டில் ஒரு தரப்பு சீண்டினால் மறு தரப்பு அதே சந்தத்தில் திருப்பிக் கொடுக்குமே, அந்தத் துணிச்சல் இதில் இருக்கிறது.

இதைப் பாட வந்தவர் எல்லன் மியூரியல் டீசன். மேடைப் பெயர் கிட்டி வெல்ஸ். வயது 32, மூன்று குழந்தைகளின் தாய். கணவர் ஜானி ரைட், 'ஜானி அண்ட் ஜாக்' என்ற பெயர்பெற்ற இரட்டையரில் ஒருவர். கிட்டி அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக ஏற்கெனவே சில பாட்டுகள் பதிவு செய்து, விற்காமல், ஒப்பந்தமும் போயிருந்தது. 1952 மே 3ஆம் தேதி, கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில்லின் டுலேன் ஹோட்டலில் இருந்த காசில் ஸ்டுடியோவில் டெக்கா நிறுவனத்துக்காக இந்தப் பாட்டைப் பாடினார். பெரிதாக எதிர்பார்க்கவில்லை. தொழிற்சங்க விகிதப்படி கிடைக்கும் 125 டாலராவது கைக்கு வருமே என்றுதான் போனார்.

பாட்டைக் கேட்டால் முதலில் மனசில் நிற்பது அவர் கோபப்படாமல் பாடும் விதம். அழுகை இல்லை, நெளிவு சுளிவு இல்லை. ஃபிடிலும் ஸ்டீல் கித்தாரும் பின்னால் இழைய, கொஞ்சம் மூக்கடைத்த நேர்க் குரலில், சாட்சிக் கூண்டில் நிற்பவர் நடந்ததை நடந்தபடி சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறார். கிட்டி வெல்ஸ் புரட்சிக்காரி இல்லை. கட்டம் போட்ட பருத்தி கவுன் போட்டுக்கொண்டு மேடையேறிய, அடக்கமான குடும்பப் பெண். அந்தக் குரலில் வந்ததால்தான் அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. குடிகாரி பாடுகிறாள், கெட்டுப்போனவள் பாடுகிறாள் என்று ஒதுக்கிவிட வழியே இல்லை.

என்பிசி வானொலி பாட்டைத் தடை செய்தது. ஆபாசமான குறிப்பு இருக்கிறதாம். கன்ட்ரி இசையின் கோயிலாகக் கருதப்பட்ட கிராண்ட் ஓலே ஆப்ரி மேடையில் அதைப் பாட முதலில் அவருக்கு அனுமதி இல்லை. கடவுளைக் குற்றம் சொன்ன ஆணின் பாட்டில் யாருக்கும் ஆபாசம் தெரியவில்லை. ஆணைக் குற்றம் சொன்ன பெண்ணின் பாட்டில்தான் தெரிந்தது.

தடையை மீறி என்ன நடந்தது? 1952 ஆகஸ்டில் பாட்டு பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆறு வாரம் அங்கேயே நின்றது. தனித்துப் பாடிய ஒரு பெண் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் ஒரு ஆணோடு ஜோடி சேர்ந்து பாடித்தான் பெண் குரல் அங்கே போயிருந்தது. பாப் பட்டியலிலும் 27ஆம் இடம் வரை ஏறியது. முதல் வெளியீட்டிலேயே 8 லட்சத்துக்கு மேல் தட்டுகள் விற்றன.

வானொலி முகம் திருப்பிய பாட்டு எப்படி ஏறியது? அன்றைக்கு பில்போர்டு கன்ட்ரி இசைக்கு மூன்று பட்டியல்கள் வைத்திருந்தது. கடையில் எது விற்றது, ஜூக்பாக்ஸில் எது ஓடியது, வானொலியில் எது ஒலித்தது என்று தனித்தனியாக. வானொலிக்காரர் வாசலை அடைத்தாலும் மற்ற இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. மதுக்கூடத்தில் ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்துகிறவரிடம் எந்த ஆலோசகரும் குறுக்கே நின்று, வேண்டாம், உங்களுக்குப் பெண் குரல் பிடிக்காது என்று சொல்ல முடியவில்லை. கடையில் தட்டு வாங்கியவரிடமும் சொல்ல முடியவில்லை. 8 லட்சம் தட்டுகளையும் ஆண்களே வாங்கியிருப்பார்கள் என்று யாராவது வாதாடுவார்களா? பெண்களுக்குப் பெண் குரல் பிடிக்காது என்று ஹில் சொல்வதற்கு 63 வருஷம் முன்னாலேயே கடைத்தெருவில் தீர்ப்பு வந்துவிட்டது.

ஒரு பாட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா, அது விதிவிலக்கு என்று பதில் வரும். இந்த 'விதிவிலக்கு' என்ற சொல் எவ்வளவு பழசு என்று பார்ப்போம். கிட்டி வெல்ஸை மேடையில் முதன்மையாக நிறுத்த நினைத்த ஜானி ரைட்டுக்கு ராய் அகஃப் ஒரு புத்திமதி சொன்னதாகக் கன்ட்ரி இசை வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது: ஒரு பெண்ணைத் தலைமையாக வைத்து நிகழ்ச்சி நடத்தாதே, எடுபடாது, ஜனங்களுக்குப் பிடிக்காது. அகஃப் கெட்டவர் இல்லை, நண்பனுக்கு அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் ஹில் சொன்னதும் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. சேரா கார்ட்டரின் குரலில் தட்டேறிய மெட்டைப் பாடிப் பெயர் வாங்கிய மனிதர், பெண் பாடினால் கூட்டம் வராது என்கிறார். ரைட் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. மனைவியை முன்னால் நிறுத்தினார், கூட்டம் வந்தது.

பெண் கன்ட்ரி பாடகிக்கு முழு நீள ஆல்பம் போடுவதற்கு டெக்கா தயங்கியது. விற்காது என்ற அதே காரணம். 1956இல் கிட்டி வெல்ஸுக்குப் போட்டது, விற்றது. 1959இல் அதே டெக்கா அவரோடு ஆயுள்கால ஒப்பந்தம் செய்துகொண்டது. நஷ்டம் தருபவரோடு எந்த நிறுவனமும் ஆயுளுக்கும் ஒப்பந்தம் போடாது. அதற்கு முன்பே 1953இல் இன்னொரு எதிர்ப்பாட்டு ஆறாம் இடம் வரை போனது. 1961இல் 'ஹார்ட்பிரேக் யு.எஸ்.ஏ.' மறுபடியும் முதலிடம்.

விதிவிலக்கு அவரோடு நின்றதா? லொரெட்டா லின் 1972இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி 'தி பில்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். நிறுவனம் மூன்று வருஷம் வெளியிடாமல் வைத்திருந்து 1975இல் வெளியிட்டது. பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வந்தது, பாப் பட்டியலிலும் நுழைந்தது. 1997இல் ஷானியா ட்வைன் வெளியிட்ட 'கம் ஆன் ஓவர்' உலகெங்கும் நான்கு கோடிப் பிரதிகள் அளவுக்குப் போனது. கன்ட்ரி ஆல்பங்களில் அதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை, ஆண் பாடியதிலும் சேர்த்து. இத்தனை விதிவிலக்குகளை ஒதுக்கி வைத்தால்தான் நிற்கும் என்றால், அதற்குப் பெயர் விதி இல்லை.

இனி ஹில்லின் மையமான கூற்றுக்கு வருகிறேன். பெண் நேயர்களுக்கு ஆண் பாடகர்களைத்தான் பிடிக்கிறது என்கிறார். பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நேயர்களைத் தொலைபேசியில் அழைத்தோ, ஒரு அரங்கில் உட்கார வைத்தோ பாட்டின் சில நொடித் துணுக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள். தெரிந்த பாட்டா, பிடித்திருக்கிறதா, சலித்துவிட்டதா என்று கேட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். சில நொடியில் புதுப் பாட்டு யாருக்குப் பிடிக்கும்? நாளுக்குப் பலமுறை காதில் விழுந்த பாட்டு மதிப்பெண் வாங்கும், நள்ளிரவுக்குப் பிறகு ஒலிபரப்பான பாட்டு வாங்காது. அடிக்கடி ஒலிபரப்பியதால் பழகியது, பழகியதால் பிடித்தது, பிடித்ததால் இன்னும் அடிக்கடி ஒலிபரப்பு. பெண்கள் பாட்டுக்கு இந்தச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றுகிறது. இந்தச் சோதனை அளப்பது பரிச்சயத்தை. அதை ரசனை என்று பெயர் மாற்றி விற்றவர்கள் ஆலோசகர்கள்.

அதோடு ஒரு வழக்கம் வேறு. இரண்டு பெண்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்பது அமெரிக்கக் கன்ட்ரி நிலையங்களில் நெடுநாளாக ஊறிய விதி. ஹில்லும் அதைத்தான் உபதேசித்தார். 2020 ஜனவரியில் மிச்சிகன் மாநில நிலையம் ஒன்று, எங்களால் இரண்டு பெண்களை அடுத்தடுத்து ஒலிபரப்ப முடியாது என்று வெளிப்படையாகவே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது. இந்த விதி நடைமுறையில் செய்யும் கொடுமையை யோசியுங்கள். நாஷ்வில்லில் ஒரு பெண் புதுப் பாட்டோடு வந்தால் அவள் போட்டி போடுவது லூக் பிரையனோடு அல்ல, இன்னொரு பெண்ணோடு. பெண்களுக்கென்று ஒதுக்கிய ஓரிரண்டு நாற்காலிகளில் ஒன்று காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வரிசையில் முன்னால் இன்னொரு பெண் இருக்கிறாள் என்றால் கதை முடிந்தது. ஆண்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. இடுப்பில் ஜீன்ஸ், தலையில் தொப்பி, லாரி, பீர், ஆற்றங்கரை என்று ஒரே அச்சில் வார்த்த ஐந்து ஆண் பாட்டுகள் வரிசையாக ஓடினாலும் எந்த ஆலோசகரும் நேயர் ஓடிவிடுவார் என்று பயந்ததில்லை.

ஹில்லின் வாதத்தை ஒரேயடியாகச் சாய்க்கும் கணக்கு ஒன்று உண்டு. கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசையியலாளர் ஜாடா வாட்சன் ஆண்டிறுதி வானொலி ஒலிபரப்பு அறிக்கைகளை எடுத்துவைத்து எண்ணினார். 2000ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலில் பெண்களின் பாட்டு 33.3 சதவீதம். 2018இல் 11.3 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு, ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த டிசம்பரில் பில்போர்டின் கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதல் 20 இடங்களில் ஒரு பெண்கூட இல்லாத வாரம் வந்தது. 1990இல் அந்தப் பட்டியல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

பெண் நேயரின் சுபாவம்தான் காரணம் என்றால் 2000இல் அந்தச் சுபாவம் எங்கே போயிருந்தது? ஷானியா ட்வைனையும் ஃபெய்த் ஹில்லையும் டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் குழுவையும் விரும்பிக் கேட்ட அதே பெண்களுக்குப் பதினெட்டு வருஷத்தில் பெண் குரல் கசந்துவிட்டதா? பெண்களின் காது மாறவில்லை. காதுக்கு எது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கை மாறியது. 1996இல் அமெரிக்கா புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்த வரம்பை அது எடுத்துவிட்டது. சில வருஷங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள் வந்தன. முன்பெல்லாம் ஒரு ஊரின் அறிவிப்பாளர் தனக்குப் பிடித்த தட்டைத் துணிந்து போட்டுப் பார்ப்பார். எடுபட்டால் அடுத்த ஊருக்குப் பரவும். தீர்மானிக்கிற இடங்கள் குறையக் குறைய அந்தத் துணிச்சலுக்கும் இடம் குறைந்தது. ஹில்லைப் போன்றவரின் வாய்மொழி ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான நிலையங்களில் நடைமுறையாகும் வசதி வந்தது. சட்டம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண் நேயர் மேல் பழி போடுவதற்கு முன்னால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ஹில் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நேயரைக் கைகாட்டினார்.

நேயருக்குப் பிடித்ததைத்தான் வானொலி போடுகிறது என்பவர்கள் 2003 மார்ச் மாதத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? டிக்ஸி சிக்ஸ் பாடிய 'டிராவலின் சோல்ஜர்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. லண்டன் மேடையில் அந்தக் குழுவின் பாடகி நாடலி மெயின்ஸ், இராக் போரைத் தொடங்கவிருந்த ஜனாதிபதி புஷ்ஷைக் கண்டித்து ஒரு வாக்கியம் சொன்னார். நிலையங்கள் பாட்டை நிறுத்தின. நாட்டின் முதலிடப் பாட்டு மளமளவென்று இறங்கிக் காணாமல் போனது. நேயர்களில் பலர் கோபப்பட்டார்கள் என்பது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் டிக்ஸி சிக்ஸ் 2006இல் 'நாட் ரெடி டு மேக் நைஸ்' பாடியபோது கன்ட்ரி வானொலி ஏறக்குறைய புறக்கணித்தது. அப்படியும் அந்தப் பாட்டு மறு வருஷம் மூன்று கிராமி விருதுகள் வாங்கி, பில்போர்டின் பொதுப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. கேட்கிறவர்கள் இருந்தார்கள். போடுகிறவர்கள்தான் இல்லை.

2024இல் இது கண்ணெதிரே நடந்தது. பியான்ஸேயின் 'டெக்சஸ் ஹோல்டம்' பில்போர்டின் ஹாட் கன்ட்ரி பாடல்கள் பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் நின்றது. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். விற்பனை, இணையத்தில் கேட்டது, எல்லா வகை வானொலிகளிலும் ஒலித்தது ஆகியவற்றை அந்தப் பட்டியல் சேர்த்து எண்ணுகிறது. கன்ட்ரி நிலையங்கள் எதை ஒலிபரப்புகின்றன என்பதை மட்டும் எண்ணும் பட்டியலில் அதே பாட்டு முதல் 30 இடங்களுக்குள்கூட வரவில்லை. அவர் நாஷ்வில்லில் வளர்ந்த பாடகி இல்லை, வானொலி எப்போதும் மெதுவாகத்தான் நகரும் என்று சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பத்து வாரம் என்பது மெதுவாக நகர்பவருக்கும் போதுமான அவகாசம். பணம் கொடுத்தவரும் தேடிக் கேட்டவரும் ஒரு பதில் சொல்ல, பொத்தானைக் கையில் வைத்திருப்பவர் வேறு பதில் சொன்னார். 1952இல் ஜூக்பாக்ஸ் செய்த வேலையை இப்போது கைபேசி செய்கிறது. வானொலி செய்த வேலையை வானொலியே தொடர்ந்து செய்கிறது.

வானொலி ஒன்றும் சமூக சேவை இல்லை, வியாபாரம் என்று கடைசியாக ஒரு கேடயத்தைத் தூக்குவார்கள். நானும் வியாபாரம்தான் பேசுகிறேன். கிட்டி வெல்ஸை ஆர்சிஏ விட்டது, டெக்கா பிடித்தது, யாருக்கு லாபம்? லொரெட்டா லின்னை ஒலிபரப்ப மறுத்த நிலையத்துக்கு என்ன கிடைத்தது? பாடகி கேஸி மஸ்கிரேவ்ஸின் 'கோல்டன் ஹவர்' கன்ட்ரி வானொலியின் தயவு இல்லாமலே 2019இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. பெண்களை விலக்கியது வியாபார புத்தி என்றால், வியாபாரத்தில் இவ்வளவு தடவை தோற்ற புத்தி வேறு எதுவும் இருக்காது. இருந்தும் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பெண்ணைப் போட்டு ரேட்டிங் குறைந்தால் பொறுப்பாளரின் வேலை போகும். ஆணைப் போட்டுக் குறைந்தால் பாட்டு சரியில்லை என்று சொல்லிவிடலாம். இது லாபக் கணக்கே இல்லை. பயக் கணக்கு. பயப்படுகிறவன் தன் பயத்தை ஒப்புக்கொள்வதில் கேவலம் இல்லை. அதை நேயரின் ரசனை என்று சொல்லி, பாடும் பெண்ணையும் கேட்கும் பெண்ணையும் ஒரே சமயத்தில் அவமதிப்பதுதான் கேவலம்.

பாடகிகளின் வருமானம் மட்டும் போகிற பிரச்சினையாக இருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருப்பேனா தெரியாது. அதுவும் சின்ன விஷயம் இல்லை, வானொலியில் பாட்டு ஓடாதவருக்குப் பெரிய மேடை கிடையாது, மேடை இல்லாதவரை நிறுவனம் கைவிடும். ஆனால் இதில் இன்னொன்றும் போகிறது. கன்ட்ரி இசை அடிப்படையில் வழக்காடும் இசை. குடும்பம், குடி, துரோகம், வறுமை, பிள்ளை வளர்ப்பு என்று வீட்டுக்குள் நடப்பதைத் தெருவுக்குக் கொண்டுவந்து பேசுகிற இசை. தாம்சன் தன் பக்கத்தைச் சொன்னார். கிட்டி வெல்ஸ் எழுந்து மறுபக்கத்தைச் சொன்னார். அந்த எதிர்ப்பாட்டை எழுதியவர் ஒரு ஆண், பாட அழைத்துப் போனவர் ஒரு ஆண். நல்ல பதில் ஒன்று வரட்டும் என்று நினைக்கும் அளவுக்கு அவர்களுக்கு மனசு இருந்தது. பெண்களின் பங்கை 11 சதவீதத்துக்குச் சுருக்கிய வானொலியில் ஆண் சொல்வதெல்லாம் பதிலில்லாமல் காற்றில் போகிறது. மனைவியைப் பற்றி, காதலியைப் பற்றி, மதுக்கூடத்தில் பார்த்தவளைப் பற்றி அவன் பாடிக்கொண்டே இருக்கிறான். அவள் பேச ஆரம்பிக்கும்போது விளம்பரம் வந்துவிடுகிறது.

கிட்டி வெல்ஸ் 1976இல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 2012 ஜூலையில், 92ஆம் வயதில் காலமானார். தடை செய்யப்பட்ட அந்த ஒற்றைப் பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசத்தின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகத் தன் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்த தொழிலில் இருந்துகொண்டுதான் ஹில் அந்த யோசனையைச் சொன்னார், நிலையங்களும் கேட்டுக்கொண்டன.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்தடுத்து இரண்டு பெண்களின் பாட்டைப் போடுங்கள். நள்ளிரவில் வேண்டாம், காலையில் ஜனங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில். ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்தாமல், ஆண்களின் பாட்டுக்குக் கொடுக்கிற அதே எண்ணிக்கையில், அதே மாதங்களுக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் நேயர் போய்விட்டால் அப்போது ஹில்லின் கணக்கைக் கொண்டுவாருங்கள், பேசுவோம். அந்தச் சோதனையை நடத்தாதவரை, பெண் குரல் விற்காது என்று சொல்லும் தகுதி அந்தத் தொழிலில் ஒருவருக்கும் இல்லை.